குரோம்பேட்டையும் ஆவாரையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று முதல் இன்று வரை அந்த ரயிலில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்களில் எத்தனை பேர் 'குரோம்பேட்டை' என்ற பெயரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள்? பல்லாவரம் பழைய ஊர். தாம்பரமும் பழைய ஊர். நடுவிலே இந்தப் பேட்டைக்கு மாத்திரம் அரசனும் பெயர் வைக்கவில்லை, ஆண்டவனும் வைக்கவில்லை. ஓர் உலோகம் வைத்திருக்கிறது. அந்த உலோகம் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்வதானால் ஒரு செடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

செடி வேறொன்றுமில்லை, ஆவாரை. இதன் பெருமையை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களில் இதுவும் ஒன்று. சங்ககாலத்துக் காதலன் பனைமடலால் குதிரை செய்து ஏறித் தெருவுக்கு வரும்போது கழுத்தில் போட்டுக்கொண்ட மாலையிலும் ஆவிரம்பூ உண்டு. மானம் போனாலும் போகட்டும் என்று துணிந்தவன் சூடிய பூ! கொங்கு நாட்டிலோ பொங்கலுக்குக் காப்புக் கட்ட இது வேண்டும். செடி நிற்கும் இடத்தைப் பார்த்தால்தான் அதன் நெஞ்சுரம் தெரியும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்துச் செஞ்சரளையில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார் அல்லவா? அந்த மாதிரிச் சரளை மண்தான் ஆவாரைக்குச் சொர்க்கம். கடலோரத்து வறண்ட சமவெளியிலும் வளரும், தரிசிலும் வளரும். ஆடு மாடுகள் அவ்வளவாக வாய் வைக்காததால் வேலி கூட வேண்டாம்.

பூவுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் தேன் கிடையாது. மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை மட்டும் உண்டு. கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சன் தேனீ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான், உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல மகரந்தம் கொட்டும். தேன் வேண்டும் எறும்புகளுக்கோ இலைக் காம்பில், சிற்றிலைகளுக்கு நடுவே, தனிச் சுரப்பி வைத்திருக்கிறது. வெளிர்நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இலையில் முட்டையிட்டுப் புழுவை வளர்த்துக்கொள்கிறது. இலங்கையில் சிங்களவர் இதை 'ரணவரா' என்று சொல்லிப் பூவைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

ஆனால் உலகச் சந்தை இதன் பூவைத் தேடி வரவில்லை. பட்டையைத் தேடித்தான் வந்தது. ஆவாரம் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து நிறைய உண்டு. குழியில் பட்டையும் தண்ணீருமாக வாரக்கணக்கில் ஊறிய தோல், கடைசியில் கடுக்காய்ச் சாறு கண்டு புங்கெண்ணெய் தடவி லண்டனுக்குக் கப்பலேறும். கடுக்காய் எதற்கு என்றால், ஆவாரைத் தோல் வெறுமே வெயில் பட்டால் சிவந்து போகும். சீமையில் இதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானிக்குப் பெருவருமானம் தந்த சரக்குகளில் இது ஒன்று. தரிசில் தானாக முளைத்த செடியின் கொம்பை வெட்டிப் பட்டை உரித்து விற்ற ஏழை ஜனங்களுக்கும் அதில் நாலு காசு கிடைத்தது. வியாபாரிக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது காசே அல்ல என்பது வேறு விஷயம்.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் வந்தார். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி அந்தக் காலத்தில் சேப்பாக்கத்தில் இருந்தது, அங்கே பேராசிரியர். அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆரம்பித்து வைத்தவரும் அவரே. அது நிலைத்த பிறகு, 1903-ஐ ஒட்டிக் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையைச் சோதிக்கலானார். சீமைக்கு அனுப்புவதற்காக அல்ல, நம் குடியானவனுக்காக! கவலை ஏற்றத்தின் தோல் சால் தண்ணீரில் சீக்கிரம் அழுகிப் போகிறதே, குரோம் தோலானால் நாள்பட உழைக்குமே என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் சர்க்கார் கடை வைத்து வியாபாரம் பண்ணலாமா என்று ஐரோப்பிய வர்த்தகர்கள் கூச்சல் போட்டார்கள். 1910-ல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அவர்கள் பக்கம் சாய்ந்து உத்தரவு அனுப்பினார். பெரிய படிப்பாளிதான், தாராளவாதிதான். அவருடைய தாராளமெல்லாம் சீமைக் கம்பெனிகளுக்குத்தான் போலிருக்கிறது. சாட்டர்டனின் தோல் ஆலை ரீவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டது.

1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் தோல் ஆலையை நிறுவினார். ஆலையைச் சுற்றிப் பேட்டை முளைத்தது. சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு என்று இன்றைக்கும் தெரு இருக்கிறது.

குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், குரோம் பீப்பாயில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். ஆவாரை இதோடு எப்படிப் போட்டி போடும்? துவர்ப்புப் பட்டை வேண்டியவர்களும் அதை விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பயிரான வாட்டில் மரத்தின் பட்டையில் சத்து ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் உலக யுத்தத்துக்குப் பின் அது கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, இறக்குமதி எதற்கு, நாமே வளர்ப்போம் என்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் வாட்டிலை நட்டார்கள். இன்று அது சோலைக்காட்டுப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பிடுங்கி எறியக் கோர்ட்டும் வனத்துறையும் மன்றாடுகின்றன.

கீழே சமவெளியில் நடந்ததோ இன்னும் கொடுமை. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் ஆலைகள் பெருகின. கழிவுநீர் மண்ணில் இறங்கியது. கிணற்று நீரில் உப்பும் குரோமியமும் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து எழுதியிருக்கிறார்கள். கவலைச் சாலுக்கு ஆயுள் கூட்டப் போன உப்பு, கிணற்றின் ஆயுளையே வாங்கிவிட்டது! 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்நாளைய செங்கை மாவட்டமும் அதற்குள் அடக்கம். கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. ஒவ்வொரு ஆலைக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம். கிணறு வைத்திருந்தவன் அந்தத் தொகையைக் கேட்டுச் சிரித்தானோ அழுதானோ!

தாம்பரத்தில் சென்னை கிறிஸ்துவக் கல்லூரி 1937-ல் குடியேறிய சேலையூர்க் காட்டில் பழைய புதர்க்காடு கொஞ்சம் தப்பியிருக்கிறது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே செடிகொடிகளை ஆசையோடு ஆராய்ந்தவர். ரசாயனம் படித்தவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

திருச்சி, திண்டுக்கல் பக்கம் இன்னமும் சிலர் 'ஈஸ்ட் இந்தியா' தோலைப் பழைய முறையில் பதனிடுகிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குழியில் பெரும்பாலும் போடுகிற சாறு மாத்திரம் வாட்டிலுடையது. ஆவாரம்பூவோ காய்ந்து பொட்டலமாகி, சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக நாட்டு மருந்துக் கடையில் தொங்குகிறது.