கடன் போன பி.டி. பீரியட்

மார்ச் மாதக் கடைசியில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வரும் ஆண்டு அவள் பதினொன்றாம் வகுப்பு. உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்கு கேட்கலாம். அந்த நேரத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் இன்னொரு அறிவியல் பாடம் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோர் கையெழுத்து மட்டும் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். எங்களுக்குத் தெரிந்த நான்கைந்து தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் படிவம் வந்த அன்றே போட்டு அனுப்பிவிட்டன. நானும் அனுப்பியிருப்பேன். பேனாவை எடுத்தபோது என் கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்துவிட்டார்.

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பத்தாம் வகுப்பு வந்ததும் இரண்டும் கணக்குக்குக் கடனாகப் போயின. ‘போர்ஷன் முடியலைடா’ என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸோடு உள்ளே வருவார். கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. வகுப்பே முனகும், நான் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் நான், கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன். கணக்கு என்னைக் காப்பாற்றியது. பொறியியல், பிறகு மாசசூசெட்ஸில் முதுகலை, பிறகு இருபது வருடம் நாற்காலி. நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ‘பள்ளியில் ஏதாவது விளையாடினீர்களா?’

நாங்கள் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில். அரசுப் பள்ளிகளில் தினமும் உடற்கல்வி வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்த ஒரே மாநிலம் என்று இல்லினாய்க்கு வெகுகாலம் பெயர் இருந்தது. 2017இல் அதைத் தளர்த்தி, வாரத்தில் குறைந்தது மூன்று நாள் என்று ஆக்கினார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலக்குகளும் உண்டு; என் மேசையில் கிடந்த படிவம் அதில் ஒன்று. ஒரு அரசாங்கம் பிள்ளைகளைப் பார்த்து ‘ஓடு, குதி’ என்று ஏன் சட்டம் போட வேண்டும்? அந்தக் கேள்வியோடு இரண்டு வார இறுதிகள் நூலகத்தில் போயின.

நூல் பிடித்துக்கொண்டு போனால் பெர்லினில் போய் நிற்கிறது. நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றுக் கிடந்த காலத்தில், ஃபிரீட்ரிஷ் லுட்விக் யான் என்ற ஆசிரியர் 1811இல் ஹாசன்ஹைடே திடலில் கம்பிகளும் ஏணிகளும் நட்டு இளைஞர்களைப் பழக்கினார். உடம்பைத் தேற்றினால் நாடு தேறும் என்பது கணக்கு. அவருடைய மாணவர் சார்லஸ் பெக் அமெரிக்காவுக்கு வந்து, 1825இல் மாசசூசெட்ஸின் ரவுண்ட் ஹில் பள்ளியில் அதே பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். 1848 புரட்சி தோற்றபின் கப்பலேறிய ஜெர்மானியர்கள் போன ஊரிலெல்லாம் உடற்பயிற்சிச் சங்கம் வைத்தார்கள். நாம் போன இடத்திலெல்லாம் தமிழ்ச் சங்கம் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அவர்கள் பட்டிமன்றத்தோடு நிற்கவில்லை, பள்ளிக்கூட நிர்வாகத்தை மொய்த்தார்கள். 1880களில் சிகாகோ அரசுப் பள்ளிகளுக்குள் உடற்பயிற்சி நுழைந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாநில அளவில் முதல் சட்டம் அதற்கு முன்பே, 1866இல், கலிஃபோர்னியாவில் வந்துவிட்டது. ஜான் ஸ்வெட் என்ற கல்வித்துறைத் தலைவரின் முயற்சி அது.

அந்தப் பத்தாண்டில் அமெரிக்கப் பள்ளிகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் பிள்ளைகள் கையில் சுழன்ற பொருட்களில் ஒன்றைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்முடைய கர்லாக்கட்டை! இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் அதைப் பார்த்துப் பழகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்த சிம் கீஹோ என்ற நியூயார்க்காரர் செய்து விற்கத் தொடங்கி, 1866இல் அதற்கொரு புத்தகமும் போட்டார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கர்லா சுற்றுவது ஒரு போட்டி. எங்கள் ஊர் சிலம்பக்கூடத்து மூலையில் எண்ணெய் பிசுக்கோடு சாய்ந்திருக்கும் அந்தக் கட்டைக்கு இப்படியொரு பாஸ்போர்ட் இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

எந்தப் பயிற்சி நல்லது என்பதில் பெரிய சண்டையும் நடந்தது. 1889இல் பாஸ்டனில் ஒரு மாநாடு கூட்டினார்கள். கம்பியும் கட்டையும் வேண்டும் என்றது ஜெர்மானியக் கட்சி. உபகரணமே வேண்டாம், வரிசையாக நின்று கட்டளைக்குக் கை காலை அசைத்தால் போதும் என்றது பெர் ஹென்ரிக் லிங்கின் சுவீடன் கட்சி. பிற்பாடு நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ கூபெர்த்தானும் வந்து பேசியிருக்கிறார். பாஸ்டன் பள்ளிகள் சுவீடன் முறையை எடுத்துக்கொண்டன. இடநெருக்கடியான நகரப் பள்ளியில் மேசைகளுக்கு நடுவிலேயே நடத்திவிடலாமே! ‘கையை முன்னால் நீட்டு, மேலே தூக்கு, பக்கவாட்டில் விரி’ என்று எண்ணிக்கைக்குச் செய்த மாஸ் டிரில் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் இந்த முறைக்கும் உறவு உண்டு.

உடல்நலக் கல்வியின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் நாடு முழுக்கக் கட்டாயமான முதல் உடல்நலப் பாடம் சோறு பற்றியதோ தூக்கம் பற்றியதோ அல்ல, சாராயம் பற்றியது. மேரி ஹன்ட் என்ற பெண்மணியின் தலைமையில் மதுவிலக்குப் பெண்கள் மாநிலம் மாநிலமாகப் போய், 1882இல் வெர்மான்ட்டில் தொடங்கி, இருபதே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வாங்கிவிட்டார்கள். உடற்கூறு பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு உறுப்பையும் மது எப்படிக் கெடுக்கும் என்று எழுதியாக வேண்டும், மிகைப்படுத்தல் தாராளம். பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்பட்ட காரியங்கள் சத்தமில்லாமல் நடந்தன. தொண்டை அடைப்பான் பரவிய 1894இல் பாஸ்டன் பள்ளிகளுக்கு மருத்துவர்களை அனுப்பியது. 1902இல் நியூயார்க் பள்ளிகளுக்கு லைனா ராஜர்ஸ் என்ற செவிலி போனார். அதுவரை சிரங்கு, கண்நோய் என்று வீட்டுக்குத் துரத்தப்பட்ட ஏழைப் பிள்ளைகளை வீடு தேடிப்போய்க் கவனித்து, மறுபடி பள்ளிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். இந்த நீண்ட வரலாற்றில் நான் யாரையாவது கும்பிடுவதென்றால் அவரைத்தான்.

சட்டங்கள் குவிந்தது போருக்குப் பிறகு. 1917இல் அமெரிக்கா ஆள் எடுத்தபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தகுதிக் குறைவு என்று தெரிந்தது. மாநிலங்கள் பதறிப்போய் உடற்கல்வியைக் கட்டாயமாக்கின. பட்டியலைப் பார்த்தால் சொத்தைப் பல், மங்கிய பார்வை, தட்டைப் பாதம், குடலிறக்கம் எல்லாம் இருக்கின்றன. தண்டால் எடுத்துச் சொத்தைப் பல் சரியானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த பதற்றம் 1955இல். ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவர், மலையேறியும்கூட, தன் சகாவான பானி புருடனோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு ஆறு எளிய சோதனைகள் வைத்தார். முழங்கால் மடக்காமல் குனிந்து தரையைத் தொடு, படுத்தவாக்கில் எழுந்து உட்கார், இப்படி. அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. பனிப்போர் நாட்களில் இது வெள்ளை மாளிகைக்கே எட்டியது. ஐசனோவர் மாநாடு கூட்ட இருந்த வேளையில் அவருக்கே மாரடைப்பு வந்து அது தள்ளிப்போனது. 1956இல் இளைஞர் உடல்தகுதிக்கென்று ஒரு குழு அமைத்தார். பதவியேற்கும் முன்பே, 1960 டிசம்பரில், அமெரிக்கர்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று கென்னடி ஒரு விளையாட்டு இதழில் கட்டுரை எழுதினார். எழுதியவருக்கே தீராத முதுகுவலி. மறு வருடம் அந்த முதுகைப் பார்க்க அழைக்கப்பட்டவர் இதே ஹான்ஸ் கிராவுஸ்.

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் குடியரசுத் தலைவர் பெயரிலான உடல்தகுதித் தேர்வு. 1966இல் ஜான்சன் விருதும் சேர்த்தார்: எல்லாச் சோதனைகளிலும் நூறில் முதல் பதினைந்து பேருக்குள் வருபவருக்கு மட்டும். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் தோற்கும்படியே அமைந்த விருது. என்னோடு வேலை பார்க்கும் ஐம்பது கடந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டு, கம்பியில் தொங்கிய தன்னை வகுப்பே பார்த்த காட்சியைத் தேதி தவிர மற்ற எல்லா விவரத்தோடும் சொன்னார். பிறகு சொன்னார்: ‘அதுக்கப்புறம் ஜிம் பக்கமே போகலை.’ கபடிக்கு மிஞ்சியவன் என்ற முறையில் எனக்கு அவர் உறவுக்காரராகத் தெரிந்தார். 2012இல் ஒபாமா காலத்தில் அந்தத் தேர்வை விலக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் டிரம்ப் திரும்பக் கொண்டுவர ஆணையிட்டார்.

இதற்கும் எங்கள் ஊர் பி.டி. பீரியடுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. மாசசூசெட்ஸில் படித்தபோது அறைத் தோழர்களோடு ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கூடைப்பந்து அருங்காட்சியகம் பார்க்கப் போயிருக்கிறேன். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் ஒரே டிரில்லைச் செய்து சலித்துப்போன மாணவர்களுக்காக 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம் அது. அவருக்கு அந்த வேலையைக் கொடுத்த லூதர் குலிக் பிற்பாடு நியூயார்க் நகரப் பள்ளிகளின் உடற்பயிற்சிக்குத் தலைவரானார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவர். 1943இல் சென்னையிலேயே இறந்தார். புத்தகக் கண்காட்சிக்காக நாம் ஜனவரியில் ஊருக்குப் போனால், செருப்பெல்லாம் புழுதியாக, பை கனக்க நடப்போமே, அந்த நந்தனம் திடல் அவருடைய கல்லூரியின் திடல்தான். எத்தனை முறை அங்கே புத்தகம் வாங்கியிருக்கிறேன்! அது எதற்கான மைதானம் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

எங்கள் பி.டி. மாஸ்டர் அந்தக் கல்லூரியில் படித்தவர். ‘நான் ஒய்.எம்.சி.ஏ. ப்ராடக்ட்’ என்று அடிக்கடி சொல்வார். எங்களுக்கு அது ஏதோ பிஸ்கட் கம்பெனி மாதிரி கேட்கும். கணக்கு வாத்தியார் பீரியட் கேட்கும்போது அவர் மறுத்ததே இல்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியே தெரியும்.

இங்கே எங்களுக்குப் பக்கத்து ஊர் நேப்பர்வில். 1990களில் அங்குள்ள ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஃபில் லாலர் ஒரு காரியம் செய்தார். யார் வேகமாக ஓடினார்கள் என்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இதயத் துடிப்புமானியைக் கட்டி, அவரவர் இதயம் எவ்வளவு உழைத்தது என்பதற்கு மதிப்பெண் போட்டார். கடைசியில் வந்த குண்டுப் பையனின் இதயம் முதலில் வந்தவனைவிட அதிகம் உழைத்திருக்கும். அவனுக்கும் ‘ஏ’ கிடைக்கலாம். அந்தக் கல்வி மாவட்டம் 1999 பன்னாட்டுத் தேர்வில் அறிவியலில் முதலிடமும் கணக்கில் ஆறாமிடமும் பெற்றது. ஜான் ரேட்டி என்ற மனநல மருத்துவர் 2008இல் எழுதிய நூலில் இரண்டையும் இணைத்துப் பேசியபின் ஊர் பெயர் உலகமெல்லாம் பரவியது. நம் பெற்றோர்களுக்கும் இந்தக் கதை பிடிக்கும். ஓடினால் கணக்கு வரும் என்றால் ஓட விடுவோம். எனக்குச் சந்தேகம் உண்டு. நேப்பர்வில் வசதியான ஊர். அங்கே வீடு வாங்குகிறவர்களின் பிள்ளைகள் ஓடாவிட்டாலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். எனக்கு லாலரிடம் பிடித்தது அந்தத் துடிப்புமானிதான். படைக்கு ஆள், மதுவிலக்கு, பனிப்போர் என்று இத்தனை காரணங்களுக்குப் பிறகு ஒருவர் அந்தப் பிள்ளையின் இதயத்தையே பார்த்தார்.

வியாழக்கிழமை இரவு மகளிடம் கேட்டேன்.

“பி.இ. கிளாஸ்ல என்னம்மா செய்வீங்க?”

“பிக்கிள்பால். வெயிட்ஸ். டிரெஸ் மாத்த அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க, அதான் கடுப்பு. நீங்க சைன் பண்ணலாம்ப்பா, எனக்கு ஓகேதான்.” சற்று யோசித்துவிட்டு, “போன வருஷம் ஹெல்த்ல சி.பி.ஆர். சொல்லிக் குடுத்தாங்க. அது நல்லா இருந்துச்சு” என்றாள்.

இல்லினாயில் 2014இலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் அதைக் கற்றுத்தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. படித்தபோது ஒரு வரியாகக் கடந்து போயிருந்தேன்.

என் அப்பா வீட்டில் வைத்துத்தான் போனார். ஐம்பத்தெட்டு வயது. நான் அப்போது சிகாகோவில் இருந்தேன். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிவிட்டு, உள்ளங்கால் தேய்த்து, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். வேறென்ன செய்வதென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இதை மகளிடம் நான் சொன்னதில்லை.

“எப்படிச் செய்யணும், காட்டு” என்றேன்.

சோபாவிலிருந்து ஒரு தலையணையை இழுத்துக் கம்பளத்தில் போட்டாள். முழங்காலிட்டு, முழங்கை மடங்காமல், ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று ஆங்கிலத்தில் எண்ணினாள். இருபதைத் தாண்டியபோது மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. முப்பது வந்ததும் நிமிர்ந்து, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, “இப்ப நீங்க” என்றாள்.

படிவம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.