சைகையை மறைத்த வட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று திட்டம் பேசுவது நெடுநாள் வழக்கம்; அதற்கு ஹடில் என்று பெயர். 1890களில் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியின் பால் ஹப்பார்ட், தம் அணியின் சைகைமொழியை எதிரணி படித்துவிடாதிருக்க இவ்வட்டத்தை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி.

அந்த வட்டத்தைக் கலைத்தவர்களுள் ஒருவர் ரிச் ரோட்ரிக்ஸ். 1990களில் மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்னும் சிறு கல்லூரியில், ஏறத்தாழ 53 கெஜ அகலம் முழுவதும் தம் வீரர்களைப் பரப்பி நிறுத்தினார். அவர்களைக் காக்க எதிரணியும் பரவியாக வேண்டும். நடுவில் இடைவெளி பிறக்கும். எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓட்டக்காரரைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். நின்றுவிட்டால் ஓட்டக்காரரிடம் கொடுத்துவிடுவார். அந்த ஒருவர் எதைச் செய்தாலும் பிழையாகிவிடுகிறது! பலத்தில் குறைந்தவர்களின் தந்திரம் இது என்பதே எனக்கு இதிலுள்ள ஈர்ப்பு.

இதனோடு வேகம் சேர்ந்தது. தாக்கும் அணி ஆள் மாற்றாதவரை, எதிரணிக்கு ஆள் மாற்ற அவகாசம் தர வேண்டியதில்லை. 2008இல் விதி மாறி, முந்தைய முயற்சி முடிந்த கணத்திலிருந்தே 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. 2009 முதல் 2012 வரை ஓரிகானில் சிப் கெல்லி இவ்வேகத்தின் உச்சியைத் தொட்டார். ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படங்கள் கொண்ட அட்டைகளை உயர்த்திப் பிடிப்பார்கள். அவற்றுள் திட்டம் ஒளிந்திருக்கும். 2011 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தில் ஆபர்னிடம் 22–19 என்று தோற்றார்கள். ஆபர்னும் வட்டத்தைக் கைவிட்ட அணிதான்.

2014இல், கடிகாரத்தில் 29 விநாடி ஆகும்வரை பந்தை எடுக்கலாகாது என்றொரு விதி முன்மொழியப்பட்டது. களைத்த உடல்களின் பாதுகாப்பே காரணம் என்றார்கள். அன்று ஊதியமற்றிருந்த மாணவர்களின் உடல்கள் அவை, அக்கறை நியாயமானதே. ஆனால் அதை ஆதரித்து முன்னின்றவர்கள் நிதான ஆட்டத்தில் வென்றுவந்த அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலெமாவும் என்பதால் ஐயம் எழுந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது.

2024இல் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் ஒலிக்க முதல்நிலைப் பிரிவில் அனுமதி கிடைத்தது. களத்தில் ஒரேயொருவருக்குத்தான் அது கேட்கும். மற்றப் பத்துப் பேருக்குச் சொல்லச் சைகை வேண்டும். இல்லையேல் வட்டம் கூட வேண்டும்.