வராந்தாவும் பேரேடும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்கினேன். உறவுக்காரர் வீட்டில் அல்ல. கடலைப் பார்த்து நிற்கும் பழைய கலெக்டர் பங்களாவில், அது புதுப்பிக்கப்பட்டு ஓட்டலான பின்பு, பணம் கொடுத்து. வங்கி குமாஸ்தா ஒருவன் இப்படிச் செய்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதற்கு என் மனைவி நகை கேட்கவில்லை, இதைக் கேட்டாள். நானும் அதற்கு முன் மூன்று வருஷம் பக்கத்து ஊர்க் கிளையொன்றில் வேலை பார்த்தவன். தரங்கம்பாடிக்காரர்களின் பாஸ் புத்தகங்களைத் தினமும் புரட்டியவன். அந்தப் பங்களாவை வெளியிலிருந்து பலமுறை பார்த்ததுண்டு. உள்ளே போக ஒரு முகாந்திரம் கிடைத்ததில்லை.

பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கில்லை. அந்த இரவில் எனக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கும், இந்தப் பக்கங்களில் நாம் 'மரபு' என்றும் 'மீட்பு' என்றும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. 1986இல் ராஜஸ்தானத்தில் இடிந்து கிடந்த நீம்ரானா கோட்டையை வாங்கிச் சீர்செய்யத் தொடங்கிய பிரான்சிஸ் வாக்ஸியார்க், அமன் நாத் இருவரின் குழுமம்தான் இந்த வீட்டையும் எடுத்துப் புதுப்பித்தது. பழைய செங்கல் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுச் சுவரை அரித்துவிடும் என்பது கடலோரத்துக் கொத்தனார்களுக்குத் தெரியும். சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். சாந்து அரைப்பது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது, பூச்சைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது என்று நம் ஊரில் செத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்கு இந்த மாதிரியான புதுப்பிப்புகள் கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கின்றன. இதைச் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டைச் சுற்றி அகன்ற வராந்தா, உயரமான தூண்கள், பிரம்பு நாற்காலிகள். அறைகளுக்கு எண் கிடையாது. இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிரே மஞ்சளாக நின்ற டான்ஸ்போர்க் கோட்டையையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டான். நன்றாகத்தான் இருந்தது. அப்படி நன்றாக இருந்ததிலிருந்துதான் என் சங்கடம் ஆரம்பித்தது.

இந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பது யார்? நானா, 1850இன் கலெக்டரா? புதுப்பிக்கப்பட்டது சுவர் மட்டுமல்ல, ஓர் உட்காரும் முறையும்தான். நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது, டீ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பவை உட்பட எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. என் பாட்டனார் காலத்தில் இந்தப் படியேறியிருந்தால் மனுவோடுதான் ஏறியிருப்பார். நான் ரசீதோடு ஏறினேன். இது முன்னேற்றம் என்று சொல்லிச் சமாதானமடைய என்னால் முடியவில்லை.

என் தொழில் பேரேடு பார்ப்பது. ஆகவே இந்த ஊரின் சரித்திரத்தையும் வரவு செலவாகவே என்னால் யோசிக்க முடிகிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியர்களுக்கு இந்தக் கரையைக் கொடுத்தபோது பேசிக்கொண்ட குத்தகை வருஷத்துக்கு 3,111 ரூபாய். டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியனுக்கு நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர்களுக்கு மிளகு வேண்டியிருந்தது. ஓவே ஜெடே கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். 225 வருஷம் கழித்து, 1845இல், வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனியர்கள் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். குத்தகைக்கு எடுத்தவர்கள் விற்றார்கள். நிலத்தின் மேல் குடியிருந்தவர்களை யாரும் கேட்டதாகக் கணக்கில் இல்லை.

பிறகு தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் இங்கே வந்தது. 1860 வரை இருந்தது. அதன் பின் கலெக்டர் தஞ்சாவூருக்குப் போனார். 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. வியாபாரமும் அதன் பின்னாலேயே போயிற்று. 1926இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளை ரயில் வந்து, 1986இல் அதுவும் நின்றது. செழித்த ஊர் பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்டும். தரங்கம்பாடிக்கு இடிப்பதற்கும் பணமில்லை. கிங் தெரு இன்றும் கிங் தெருவாகவே இருக்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் மரபுப் பற்று அல்ல, தரித்திரம். பார்க்க வருகிறவர்கள் ரசிக்கும் அந்த அமைதி ஒரு நூற்றாண்டின் நஷ்டக் கணக்கு.

புதுப்பித்தல் என்றால் ஒரு கட்டிடத்தை அதன் ஏதோ ஒரு நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோவது. எந்த நாள் என்று யார் தீர்மானிப்பது? 1660இன் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாமே. 1655 முதல் 1669 வரை டென்மார்க்கிலிருந்து கப்பல் எதுவும் வராமல், எஸ்கில்ட் ஆண்டர்சன் என்ற ஒரே ஒரு டேனியர் மிஞ்சியிருந்தார். கோட்டையைக் காத்தது அவரும் அவர் கூலிக்கு அமர்த்திய உள்ளூர் வீரர்களும்தான். ஒரு டேனியரும் ஊர் நிறையத் தமிழர்களுமாக இருந்த அந்தப் பதினான்கு வருஷங்களும் டேனிஷ் தரங்கம்பாடிதான். ஆனால் அந்த நாளுக்குப் பிரம்பு நாற்காலி கிடையாது. அதைப் புதுப்பித்து யாருக்கு வாடகைக்கு விடுவது?

மறுநாள் காலையில் வராந்தாவை விட்டு ஊருக்குள் நடந்தேன். 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கிய சீகன்பால்கு, தாம் 1718இல் கட்டிய புதிய எருசலேம் கோயிலுக்குள் அடக்கமாகியிருக்கிறார். காகிதக் கடனில் பத்திரிகை நடத்துகிற நாம் இவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1714இல் தொடங்கி 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்து முடித்தார்கள். பொறையாறில் காகித ஆலை வைத்தார்கள்.

இவர் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு ஒரு ஜாபிதா எழுதியவர். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலேயிலிருந்த மேலிடம் அச்சிட மறுத்தது. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. இதைவிட என்னை உறுத்துவது வேறு. சீகன்பால்கும் அவர் சகா குருண்ட்லரும் இந்தப் பிரதேசத்துத் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்தார்கள். 1714லும் 1717லுமாக ஹாலேயில் 99 கடிதங்கள் வெளியாயின. கடவுள், கல்யாணம், வைத்தியம், சாதி என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சாதாரணத் தமிழன் தன் வாழ்க்கையைப் பற்றி உரைநடையில் என்ன நினைத்தான் என்பதற்கு இதற்கு ஈடான சாட்சியம் நம்மிடம் அதிகமில்லை. அவற்றின் தமிழ் மூலம் இன்றில்லை. நம் குரல் ஜெர்மனில்தான் இருக்கிறது. சுவரை மீட்கச் சுண்ணாம்பு உண்டு. இதை மீட்க எந்தக் கொத்தனாரைக் கூப்பிடுவது?

கோட்டைக்கு அருகே கரையில் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே உள்ள கல்வெட்டு ஊரின் பெயரைச் சடங்கன்பாடி என்கிற குலசேகரன்பட்டினம் என்கிறது. 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாப் பிரசுரங்கள் சொல்லும் அழகான பொருளை விருந்தாளிகளுக்குச் சொல்லலாம். கல்வெட்டுப் பெயரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விட முடியாதா உங்களால?" என்றாள். நியாயமான கேள்விதான். வீடு இடிந்தே போயிருந்தால் இந்தக் கேள்விகளை நான் எங்கே உட்கார்ந்து கேட்டிருப்பேன்? ஓட்டல்காரர் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவர் சரித்திரம் எழுத வரவில்லை.

எழுத வந்தவர்கள் நாம். நம் விமர்சனத்தை யோசித்துப் பாருங்கள். சங்க காலம் என்று ஓர் அறை, சோழர் காலம் என்று இன்னொரு அறை, இரண்டிலும் இணைந்த குளியலறை. தொடர்கதைக்காரர்கள் சோழர் அறையை நடுத்தர வர்க்கத்துக்கு வாடகைக்கு விட்டதைக் கேலி செய்கிற நாமே, மௌனிக்கு ஓர் அறை, புதுமைப்பித்தனுக்கு ஓர் அறை என்று திறந்து வைத்து, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டு, உள்ளே போய்ச் சாய்ந்துகொள்கிறோம். இங்கிருந்து அதிக தூரமில்லை ந. முத்துசாமியின் புஞ்சை. அவர் கதைகளில் அந்த ஊர் திரும்பி வருகிறது. ஆனால் யாரும் தங்குவதற்கு வசதியாக அது வருவதில்லை. அங்கே வீட்டோடு வீட்டின் கணக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. மீட்பு என்று ஒன்று உண்டானால் அதற்கு இதுவே பரீட்சை என்பது என் கட்சி. வராந்தா மட்டும் வந்தால் அது ஓட்டல். பேரேடும் வந்தால்தான் சரித்திரம்.

இன்னொரு கணக்கு பாக்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் என்ன செய்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. 2005 மார்ச் 30ஆம் தேதியிட்ட 172ஆம் எண் அரசாணை, உச்ச அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த வீட்டை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அதற்கப்பால் புது வீடு என்றது. அங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம், ஆனால் பழுதுபார்க்க உதவி கிடையாது என்றது. உயிரைக் காக்கும் ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. தரங்கம்பாடி மீனவர் குடும்பங்கள் பல உள்ளே தள்ளிப் போயின. கலெக்டர் பங்களா கடல் ஓரத்திலேயே நின்றது.

ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது, கிளையில் எனக்குப் பழக்கமான ஒரு அம்மாள், மீன் கூடையோடு, என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுய உதவிக் குழுக் கடனுக்கு மாதம் தவறாமல் வந்து கட்டியவர்.

"என்ன தம்பி இந்தப் பக்கம்? எங்க தங்கினீங்க?"

கடற்கரைப் பங்களாவைச் சொன்னேன்.

"அங்கயா? அங்க படுத்தா கடல் சத்தம் நல்லா கேக்குமே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புது வீட்டுக்குப் போன புதுசுல எனக்குத் தூக்கமே வரல. சத்தம் கேக்காம. இப்ப பழகிருச்சு." பிறகு கேட்டார்: "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்குறாங்க?"

அந்தத் தொகை அவருடைய எத்தனை தவணை என்பது அடுத்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்குப் போடுவதுதானே என் வேலை.

"ஆபீஸ்ல குடுத்துட்டாங்கம்மா," என்றேன்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி மாயவரம் வரும்வரை என்னோடு பேசவில்லை.