இந்தியாவுக்கு என் பாயிண்ட் கார்டுகள்

மும்பைக்கு வந்த நம்ம ஜனங்க வீட்டில் விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான். மாட்டுங்காவில் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு உண்டு. டான் பாஸ்கோ, இந்தியன் ஜிம்கானா பக்கம் சாயங்காலம் போனால் கூடைப்பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அதனால் இன்றைக்குக் கூடைப்பந்து. இந்தியாவுக்காக ஆடியவர்களில் பாயிண்ட் கார்டுகளைப் பொறுக்கச் சொன்னால் நான் யாரைப் பொறுக்குவேன்?

முதலில், பாயிண்ட் கார்ட் யார்? பந்தைக் கீழிருந்து மேலே கொண்டு போகிறவர், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாமா மாதிரி. தான் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தி நடக்காது :)

இந்த ஆட்டம் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியது. அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். மும்பையில் நாக்பாடா. அங்கே கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸை ஆரம்பித்தார். செம்பூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: நம்ம பக்கத்து தியோனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் 1936இல் அந்த நாக்பாடா வீட்டில்தான் பிறந்தது. சமூக சேவையும் கூடைப்பந்தும் ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்திருக்கின்றன.

அந்த நாக்பாடா சந்துகளிலிருந்து வந்தவர் அப்பாஸ் முந்தசிர். இந்திய அணியின் கேப்டன், 1970இல் அர்ஜுனா விருது. இன்றைய கணக்கில் அவரை அசல் பாயிண்ட் கார்ட் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் பட்டியல் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நெருக்கடியான பேட்டையில் இருந்தும் இந்தியத் தலைமைக்கு வரலாம் என்று காட்டியவர் அவர்.

அந்தப் பத்தாண்டுதான் நமக்கு நல்ல காலம். 1975 ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் நான்காம் இடம். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கும் போனோம். பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். அதற்குப் பிறகு 2024 வரை ஐவர் கூடைப்பந்தில் ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை.

ஏன்? உயரம் இல்லை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். உயரம் நம்மிடம் இருக்கிறது. உயரமானவர் கைக்குச் சரியான நேரத்தில் பந்து போக வேண்டுமே, அதுதான் சிக்கல். 2000இல் சர்வதேச விதி மாறியது. பாதி மைதானம் தாண்ட 10 வினாடி இருந்தது, 8 ஆனது. கூடையில் எறிய 30 இருந்தது, 24 ஆனது. அன்றிலிருந்து பாயிண்ட் கார்டின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

உயரத்தை டேப் வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். பதற்றத்தில் ஒருவர் எடுக்கும் முடிவை அளக்க வருஷக்கணக்கில் ஆட்டம் பார்க்க வேண்டும். அதற்கு நிலையான லீக் வேண்டும். 2015இல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் சில சீசன்களிலேயே நின்று போனது.

சரி, என் பட்டியல்.

ஆண்களில் ஜோகிந்தர் சிங். 2014 ஆசியக் கோப்பையில், வூஹானில், சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று வென்ற அணியின் பாயிண்ட் கார்ட். அவருக்குத் துணையாக வாரணாசியின் விசேஷ் பிருகுவன்ஷி. அசல் பாயிண்ட் கார்ட் இல்லை, ஆனால் தேவைப்பட்டால் பந்தைச் சுமப்பார். 2020இல் அர்ஜுனா வாங்கியவர்.

பெண்களில் ஆகாங்ஷா சிங். இவரும் வாரணாசி. இந்தக் குடும்பத்தில் நான்கு சகோதரிகள் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கிரிக்கெட் வீரர் இஷாந்த் சர்மாவின் மனைவி பிரதிமா.

கடைசியாக நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வே ஊழியர், கார்ட், பல ஆண்டுகள் இந்தியக் கேப்டன். 2013இல் மூவர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ. என் அணிக்கு இவர்தான் கேப்டன்.

இதை எழுதக் காரணம் உண்டு. தாராவியில் இருக்கும் ஒரு அக்கா, திருநெல்வேலிப் பக்கம், என்னிடம் கேட்டார்: "தம்பி, எம்பொண்ணு குட்டையா இருக்கான்னு பந்து விளையாட்டுல சேக்க மாட்டேங்காவ. நெசமாவே வராதா?"

"வரும்க்கா" என்றேன். மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம், என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். முழு மைதானம் 28 மீட்டருக்கு 15. தாராவியில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஆனால் பந்தைத் தட்டிப் பழக நாலடிச் சந்து போதும். எதிரே வருகிற சைக்கிளையும் தண்ணிக் குடத்தையும் தவிர்த்துப் பந்தைக் கொண்டு போகிற பிள்ளைக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் தானாக வரும். பாயிண்ட் கார்டுக்கு முதல் பாடமே அதுதான்.

ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் நிறைய. நம்மைப் போலப் பிழைக்க வந்த குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள்.