ஜமுனாமரத்தூருக்கு எவ்வளவு தூரம்?

நிலப்படத்தின் மீது கோல் வைத்து அளந்தால், திருவண்ணாமலையிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். விமானம் செல்லக்கூடிய நேர்க்கோடு அது. போளூர் வழியாகச் செல்லும் பேருந்தோ, மலையடிவாரத்தைத் தொட்டு, வளைந்து வளைந்து ஏறி, 80 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியாக வேண்டும். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர் வான்வழியை விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஜவ்வாது மலைக்கு ஏறுகிறவருக்கு அந்த நேரம் போதாது.

தூரம் என்பது எண்ணா, வழியா என்ற கேள்வி இந்நிலத்துக்குப் புதியதன்று. மலையின் தென்புற அடிவாரத்திலுள்ள செங்கத்தையே பத்துப்பாட்டு கூறும் செங்கண்மா என்று அறிஞர்கள் கருதுவர். அவ்வூரையாண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்ற கூத்தன் இனிப் போகவிருப்பவனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்புறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை, வழியோர நடுகல் என ஒவ்வொன்றாக எச்சரித்துக்கொண்டே போகிறது. பின்னால் வருவோர் திகைக்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவும் சொல்கிறது. அந்த வழிக்கு அளவு, போகிறவன் படும் பாடுதான்.

எண்ணும் இங்கே இல்லாமற் போகவில்லை. அண்டை மாவட்டமான தருமபுரியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவரும் தெரிந்துகொள்ளும்படி அத்தொகையைக் குழிகளாகவும் வெட்டி வைத்தார்கள். தூரத்தை அறியும் உரிமை எல்லா வழிப்போக்கருக்கும் உண்டென்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்தும் கவனித்தார்கள். அக்கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. யுரேனஸைக் கடந்த ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். அதன் வழியில் பள்ளமில்லை, காட்டாறு இல்லை. எனவே அந்தத் தூரத்தை எண்ணாகச் சொன்னால் போதும்.

மலையில் வாழ்வோருக்கு அது போதாது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர இயலாமல் இறந்தது. திரும்பும்போது வண்டி செல்லப் பாதை இல்லை. குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்தார். அந்த மலைக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள கிலோமீட்டர்களை எந்த நிலப்படமும் பிழையின்றிச் சொல்லியிருக்கும்.

பாம்பு இருக்கும் இடத்தை மலைபடுகடாத்துக் கூத்தன் அறிந்திருந்தான். வழிப்போக்கனிடம் முன்னதாகவே சொல்லியும் வைத்தான். சாலை போடுவோரும் மருத்துவமனைக்கு இடம் குறிப்போரும் அவனிடம் கற்க வேண்டியது அதுதான் என்று நாம் கருதுகிறோம். ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்பவர், அங்கிருந்து இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.