எரிவாயு நீச்சல்குளச் சூடேற்றியில் எழும் ஓசைகள்

எரிவாயு நீச்சல்குளச் சூடேற்றி என்பது, பம்பினால் இழுக்கப்பட்டு வடிகட்டியைக் கடந்து வரும் குளத்து நீரை, இயற்கை எரிவாயுவையோ புரோபேனையோ எரித்துச் சூடாக்கிக் குளத்துக்கே திருப்பி அனுப்பும் கருவியாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டு வீடுகளில் பரவலாகப் பயன்படும் இக்கருவியின் பர்னருக்கு அருகில், மெல்லிய தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட தாமிரக் குழாய்கள் அமைந்திருக்கும். இக்குழாய்த் தொகுதி வெப்பப் பரிமாற்றி எனப்படும். சூடேற்றி எரியும்போது சீரான மெல்லிய இரைச்சல் கேட்பது இயல்பே. ஆனால் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி, பற்றும் கணத்தில் வெடிப்பு, நீண்ட ஊளை ஆகியவை வெவ்வேறு கோளாறுகளைக் குறிப்பதால், ஓசையின் தன்மையோடு அது எழும் நேரத்தையும் கவனிப்பதே காரணத்தை அறிவதற்குரிய முதல் வழியாகும்.

பரவலாகக் கேட்கும் தட்டொலிக்குக் காரணம், குழாய்ச் சுவரை ஒட்டிய நீர் மட்டும் கொதித்துவிடுவதாகும். உலைநீர் முழுவதும் கொதிக்கும் முன்பே பானையின் அடியில் குமிழிகள் தோன்றி இரைவதைப் போன்ற நிகழ்வே இது. வளிமண்டல அழுத்தத்தில் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. அவ்வாறு உண்டான ஆவிக்குமிழி குளிர்ந்த நீரைத் தொட்டதும் நொடியில் சுருங்க, அவ்விடத்தை நிரப்பப் பாயும் நீர் குழாய்ச் சுவரில் மோதி ஒலிக்கிறது. மணிக்கு 4,00,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு, அதாவது ஏறத்தாழ 117 கிலோவாட், எரிதிறன் கொண்ட சூடேற்றியில் நிமிடத்துக்கு 150 லிட்டர் நீர் ஓடினால், அதன் வெப்பநிலை சுமார் 9 பாகை செல்சியசும், ஓட்டம் பாதியானால் 18 பாகையும் உயரும். ஆகவே வெளியேறும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே குழாய்ச் சுவரில் நீர் கொதித்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதை மறந்துவிடலாகாது.

இக்கொதிப்பைத் தூண்டுவதில் சுண்ணாம்புப் படிவுக்குப் பெரும்பங்கு உண்டு. சர்க்கரையைப் போலன்றி, கால்சியம் கார்பனேட் நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும் என்பதால், அது குழாயின் மிகச் சூடான இடத்தையே தேடிப் படிகிறது. அப்படிவின் வெப்பக் கடத்துதிறன் தாமிரத்தினுடையதில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாதாகையால், குழாயின் வெப்பம் நீருக்குச் சீராக இறங்காமல் சுவரிலேயே தேங்குகிறது. நீர் படிவை உண்டாக்குமா, உலோகத்தை அரிக்குமா என்பதைக் கணிக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாஞ்செலியர் 1936-இல் வகுத்த செறிவுக் குறியீடு இன்றும் பயன்படுகிறது. படிவுக்கு அஞ்சிக் குளத்தில் அமிலத்தை அளவுமீறிச் சேர்ப்போரும் உளர். அதனால் தாமிரம் கரைந்து குளத்தின் சுவரில் நீலப்பச்சைக் கறை படிவதோடு, குழாய்களும் மெலிந்துபோகும்.

படிவைத் தேடிச் சூடேற்றியைப் பிரிக்கும் முன், நீரோட்டத்தைச் சோதிப்பதே முறை. அடைபட்ட வடிகட்டி, நிரம்பிய இலைக்கூடை, பாதி மூடிய வால்வு ஆகிய எளிய காரணங்களே பல நேரங்களில் போதுமானவை. 2021 ஜூலை முதல் அமெரிக்க எரிசக்தித் துறையின் விதிகளால் வேகத்தை மாற்றவல்ல பம்புகள் பெருகிவிட்டன. மின்சாரச் சிக்கனத்துக்காகக் குறைந்த வேகத்தில் ஓடும் பம்பு, சூடேற்றிக்குத் தேவையான நீரைத் தராமற்போகலாம். ஓட்டம் குறைந்தால் அழுத்த ஸ்விட்ச் பர்னரை நிறுத்திவிடும் என்று நம்புவதும் தவறாகும். அது அளப்பது அழுத்தத்தையேயன்றி ஓட்டத்தை அன்று. வெளியேறும் பக்கத்து வால்வு பாதி மூடியிருந்தால், ஓட்டம் குறையும்போதே அழுத்தம் உயர்ந்து, ஸ்விட்ச் ஏமாந்துவிடும். நீர்ப்பெட்டியில் உள்ள பைபாஸ் வால்வின் சுருள்வில் உடைந்தாலும், பெரும்பாலான நீர் குழாய்களுக்குள் நுழையாமலே கடந்துசெல்வதால் அதே தட்டொலி எழும்.

சூடேற்றி அணைந்தபின் மட்டும் ஓசை கேட்குமானால், பர்னரும் பம்பும் ஒருசேர நின்றுவிடுவதே காரணமாக இருக்கலாம். எஞ்சிய வெப்பம் தேங்கிய நீரைக் கொதிக்கவைக்காதிருக்க, பம்பு மேலும் சில நிமிடங்கள் ஓட வேண்டும்.

பற்றும் கணத்தில் எழும் வெடிப்பொலி இவற்றினும் ஆபத்தானது. பொறி வலுவிழந்தாலோ, பர்னர் துளைகள் அடைபட்டாலோ, காற்றும் வாயுவும் கலக்கும் குழலில் சிலந்தி வலை கட்டினாலோ, வாயு உடனே பற்றாமல் தேங்கி ஒருங்கே எரிகிறது. அந்நிலையில் மீண்டும் மீண்டும் பற்றவைத்துப் பார்க்காமல், வாயு வால்வை மூடிவிட்டு உரிமம் பெற்ற பணியாளரை அழைப்பதே தக்கது. வாயு அழுத்தமோ காற்றின் அளவோ பிறழ்ந்தால் சுடர் அதிர்ந்து ஊளையிடும்; அதனுடன் மஞ்சள் சுடரும் கரிப்படிவும் காணப்பட்டால், மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது எனக் கருதி, சூடேற்றியை உடனே நிறுத்த வேண்டும். விசிறி கொண்ட வகைகளில் கேட்கும் கிறீச்சொலி பெரும்பாலும் தேய்ந்த பேரிங்கினுடையது. அதை மாற்றினால் ஓசை நின்றுவிடும்.