கலைஞர் தம் கையால் எழுப்பிய கூடம்

நூலொன்றை இயற்றி முடித்த புலவன் அதனை உடனே உலகில் உலவ விடுவதில்லை. கற்றோர் நிறைந்த அவையில் அதனை அரங்கேற்ற வேண்டும். அவையோர் கேட்பார்கள், ஐயம் எழுப்புவார்கள், குறை கண்டால் கூறுவார்கள். அவர்தம் தடையெல்லாம் நீங்கிய பின்னரே நூல் நூலாக ஏற்கப்படும். இது தமிழ் மரபு. மதுரைச் சங்கப் பலகையைப் பற்றிய கதையெல்லாம் இம்மரபின் பெருமையைச் சொல்ல எழுந்தவையே. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இம்முறைக்கு விலக்கன்று. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய அக்காவியம், அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் பரங்கிப்பேட்டையில் அரங்கேறிய வரலாற்றை நம் குடும்பங்கள் நன்கறியும்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பொருள் தந்து புரந்தவர் வள்ளல். தீர்ப்புச் சொன்னவர்களோ புலவர்கள். கொடை வேறு, தீர்ப்பு வேறு என்ற தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. சொல்லால் ஆகிய கலைக்கு அவை அமைத்த நாம், கோட்டாலும் வண்ணத்தாலும் நூலாலும் கல்லாலும் ஆகிய கலைகளுக்கு அத்தகைய அவையை அமைத்தோமா? அமைத்தவர்கள் எவரேனும் உளரா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுப்பினர் கண்காட்சி என்பது யாது?

கலைஞர்கள் பலர் ஒன்று கூடிச் சங்கமாகின்றனர். சந்தா செலுத்துகின்றனர். அப்பணத்தில் கூடமொன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்கின்றனர். அக்கூடத்தை வணிகரோ அரசு அலுவலரோ நடத்துவதில்லை. உறுப்பினர்களே முறை வைத்து நடத்துகின்றனர். ஆண்டுக்கொருமுறை உறுப்பினர் யாவரும் தத்தம் படைப்புகளை அனுப்புகின்றனர். மூவரோ ஐவரோ கொண்ட நடுவர் குழு அவற்றைப் பார்வையிட்டு, ஏற்பன ஏற்று, ஏலாதன திருப்பி அனுப்புகிறது. படைத்தவர் பெயர் தெரியாதவாறு மறைத்து வைத்துத் தேர்வது சிறந்த முறை. சங்கத்தின் தலைவரே வரைந்த ஓவியமாயினும் தகுதியில்லையேல் சுவரேறாது என்பதே இம்முறையின் உயிர்நாடி. விற்பனையாகும் படைப்பின் விலையில் ஒரு பங்கு கூடத்திற்குச் செல்லும், எஞ்சியது கலைஞனுக்கு. மறு ஆண்டின் விளக்குச் செலவும் வாடகையும் அப்பங்கிலிருந்து நடைபெறும்.

சொல்லுக்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு நடைமுறையில் எளிதன்று. நண்பனின் படைப்பை நண்பனே தள்ள வேண்டியிருக்கும். தள்ளப்பட்டவன் மறுநாளும் அதே கூடத்திற்கு வந்து, பிறன் ஓவியத்தை மாட்ட ஆணி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வுள்ளம் வாய்த்தவர்கள் உள்ளவரைதான் சங்கம் நிலைக்கும்.

மேனாட்டிலும் கீழ்த்திசையிலும்

லண்டன் மாநகரில் 1768-ஆம் ஆண்டு அரச கலைக்கழகம் தோன்றியது. மறு ஆண்டு தொடங்கி அக்கழகம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தி வருகிறது. உறுப்பினரல்லாத கலைஞரும் படைப்பை அனுப்பலாம். கலைஞர்களைக் கொண்ட குழுவே தேர்ந்தெடுக்கும்.

ஆனால் நடுவர் குழு என்பது இருபுறமும் கூரான வாள். பாரிஸ் நகரின் பெருங்கண்காட்சிக்கு 1863-ஆம் ஆண்டு வந்த படைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை நடுவர்கள் தள்ளினர். எழுந்த கூக்குரல் மன்னன் மூன்றாம் நெப்போலியனின் செவி வரை எட்டியது. தள்ளப்பட்டவற்றை வேறிடத்தில் வைத்து மக்களே பார்த்துத் தீர்ப்பளிக்கட்டும் என்று அவன் ஆணையிட்டான். அக்காட்சியைக் கண்டு நகைத்தோர் பலர். எனினும் அங்கு நகைப்புக்குள்ளான மானேயின் ஓவியம் இன்று பிரெஞ்சு நாட்டின் கலைச்செல்வங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 1874-இல் மோனே, தெகா, பிசாரோ, ரென்வார் முதலிய ஏறத்தாழ முப்பதின்மர் தாமே ஒரு கூட்டு நிறுவனம் அமைத்துத் தம் செலவில் கண்காட்சி நடத்தினர். 1884-இல் எழுந்த மற்றொரு சங்கமோ, நடுவரும் வேண்டா, பரிசும் வேண்டா என்றே கொள்கை வகுத்துக்கொண்டது.

நமக்கு அண்மையில், கடலுக்கு அக்கரையிலுள்ள கொழும்பு நகரில் 1943-ஆம் ஆண்டு லயனல் வென்ட் என்பாரின் இல்லத்தில் கூடிய கலைஞர்கள், பழைய கலைச்சங்கத்தின் இறுகிய போக்கை வெறுத்து, அவ்வாண்டின் பெயராலேயே ‘43 குழு’ என்றொன்றைக் கண்டனர். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஹாரி பீரிஸ், பௌத்தத் துறவியாக இருந்த மஞ்சுஸ்ரீ ஆகியோர் அதில் ஒருங்கிருந்தனர். பம்பாயில் 1947-இல் தோன்றிய முற்போக்குக் கலைஞர் குழுவில் சூசா, ஆரா, காடே, பாக்ரே ஆகியோருடன் எம்.எஃப். உசேனும் எஸ்.எச். ரஸாவும் இருந்தனர். பிறப்பாலும் மொழியாலும் வேறுபட்டோரைப் பொதுத்தொழில் ஒன்றாக்கிய காட்சியை இங்கெல்லாம் காண்கிறோம்.

சென்னையில் முளைத்த வித்து

தமிழகத்தின் கதை இவற்றினும் சுவையானது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1850-ஆம் ஆண்டு சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். அங்குப் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் அதன் தலைவராகவும் உயர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் பிறந்த இப்பெருமகன் 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியிருந்தார்.

பள்ளியின் தலைவரை ஒரு கவலை அரித்தது. ஆண்டுதோறும் திறமை வாய்ந்த இளைஞர்கள் பயின்று வெளியேறுகிறார்கள். வெளியேறியபின் என்ன ஆகிறார்கள்? ஓவியத்தை வாங்குவோர் அரியர். சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகின்றனர். சிலர் துணிகளுக்குப் பூவேலை வரைகின்றனர். பலர் தூரிகையை மூலையில் வைத்துவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகின்றனர். பயிற்சி இருந்தும் பிழைப்பில்லையெனில் அக்கலை ஒரு தலைமுறையில் அற்றுப்போகும்.

பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் கண்ட வழி வியப்புக்குரியது. ஓவியம் விற்காவிடில் கைவினை விற்கும். கைவினையின் ஊதியம் ஓவியத்தைக் காக்கட்டும் என்று அவர்கள் துணிந்தனர். கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. துணியில் உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின் வெந்நீரில் மெழுகை நீக்கும் பத்திக் வேலையில் அவர்கள் ஈடுபட்டனர். ஜாவாத் தீவில் செழித்த இக்கலையை நம் கடற்கரையூர்க் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை; கப்பலேறிச் சென்ற நம் முன்னோர் கொணர்ந்த பத்திக் கைலிகள் நம் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவையே. அத்துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் சென்னையில் நன்கு விலைபோயின.

அவ்விற்பனையால் திரண்ட பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், மணலும் சவுக்கும் மண்டிய கடலோரத்தில், ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலத்தை வாங்கினர். 1966-ஆம் ஆண்டு அங்குச் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. அரசு தந்த நிலமன்று அது. செல்வர் ஈந்த கொடையுமன்று. மெழுகும் சாயமும் படிந்த கைகள் ஈட்டியது. உறுப்பினர் குடியிருக்க வீடுகளும், பணி செய்யக் கூடங்களும், படைப்புகளைக் காட்ட ஓவியக் கூடமும், திறந்தவெளி அரங்கும் படிப்படியாக அமைந்தன. சிற்பி பி.வி. ஜானகிராம், ஓவியர்கள் எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, பணிக்கரின் மைந்தரான சிற்பி நந்தகோபால் எனப் பலர் அங்கு வாழ்ந்து பணிபுரிந்தனர். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் நட்ட மரம் மறையவில்லை. 2009-ஆம் ஆண்டு அவ்வளாகத்திலேயே சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைத் தாங்கிய அருங்காட்சியகமும் புதிய கலைக்கூடங்களும் திறக்கப்பெற்றன.

ஜே. சுல்தான் அலி

சோழமண்டலத்தின் வரலாற்றில் நம் உள்ளத்தைத் தனியே தொடும் பெயர் ஒன்றுண்டு. அது ஜே. சுல்தான் அலி. 1920-இல் பம்பாயில் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் ராய் சௌத்ரியிடம் பயின்று, பின்னர் லலித் கலா அகாதமியிலும் பணியாற்றிய இவர், சோழமண்டலத்தில் குடியேறி, 1990-இல் மறையும் வரை அக்கடற்கரையையே தம் இல்லமாகக் கொண்டார். பஸ்தர்ப் பகுதிப் பழங்குடியினரின் கலை இவரை ஈர்த்தது. காளையும் அரவும் இவருடைய திரைகளில் பேருருக் கொண்டு நின்றன. அவற்றைச் சூழ எழுத்துகள் கல்வெட்டுப் போலப் படர்ந்தன.

உருவம் வரைதல் குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்துகளை நாம் அறிவோம். அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் இங்குச் சுட்ட விழைவது வேறு. வடபுலத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் கலைஞர் தமிழ்க் கடற்கரைச் சிற்றூரில், பல சமயத்தாரும் பல மொழியாரும் கூடி நடத்திய சங்கத்தில், சம உரிமையுள்ள உறுப்பினராக வாழ்ந்தார். அவருடைய படைப்பை எடைபோட்டவர்கள் அவருடைய குலத்தையோ கோத்திரத்தையோ எடைபோடவில்லை. நேர்மையான நடுவர் அவை தரக்கூடிய பெரும்பேறு இதுவே.

குறையும் உண்டு. ஒரு தலைமுறை வியர்வை சிந்தி வாங்கிய நிலத்தில் அடுத்த தலைமுறைக் கலைஞனுக்கு இடம் எங்கே என்ற வினா இத்தகைய சங்கங்கள் எல்லாவற்றையும் எதிர்நோக்குகிறது. வீடும் மனையும் உறுப்பினரின் குடும்பச் சொத்தாகும்போது கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. கூடத்தைப் பொதுவாகவும், வீட்டைத் தனியாகவும் வைக்கும் ஏற்பாட்டைப் பின்வருவோர் முன்கூட்டியே சிந்தித்தல் நலம்.

பொருநைக் கரையும் குலசைக் கடலும்

இவ்வளவும் நாம் சொல்லி வந்தது நம் நெல்லைச் சீமையை நினைந்தே.

பத்தமடைப் பாயைப் பாருங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கிழித்து, பஞ்சு நூலோ பட்டு நூலோ பாவாக இட்டு நெய்யும் அருங்கலை அது. பட்டுத் துணியென மடிக்கத்தக்க அப்பாயை நெய்து வருவோர் பெரிதும் நம் லெப்பைக் குடும்பத்தினர்; அவருள்ளும் பெண்களே மிகுதி. திருமணப் பாயில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் நெய்யப்படுகின்றன. நாள் பல இருந்து, கண்ணொளி செலவிட்டு நெய்தவளின் பெயரை அப்பாயில் நாம் காண்பதில்லை. வாங்குவோரின் பெயர் தாங்கும் கலை படைப்போரின் பெயரைத் தாங்காதிருப்பது நீதியா?

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் கற்றூண்களைச் செதுக்கிய கைகளும், கல்லறைக் கற்களில் அரபு எழுத்தைக் கொடிபோல் ஓடவிட்ட கைகளும், அரபுத்தமிழ் ஏடுகளை அழகுற எழுதிய கைகளும் இவ்வாறே பெயரற்றுப் போயின. குலசேகரன்பட்டினமோ ஒருகாலத்தில் ஈழத்தோடு வாணிகம் நடத்திய துறைமுகம். முத்தாரம்மன் கோயிலின் தசரா விழாவில் ஆயிரமாயிரம் பேர் வேடம் புனைந்து வரும்போது, அவ்வண்ணங்களைத் தீட்டும் கைகளும் இவ்வூர்ப் பகுதியினவே. 1986-இல் புதிய மாவட்டம் பிரிந்தபோது ஊரின் மாவட்டப் பெயர் மாறிற்று. 2024-ஆம் ஆண்டு ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றதும் உலகின் பார்வை இதன்பால் திரும்பிற்று. வானை நோக்கி ஏவுகணை எழப்போகும் ஊரில், மண்ணில் வாழும் கைத்திறனுக்கு ஒரு கூரை வேண்டாவா?

பேரளவில் தொடங்க வேண்டுவதில்லை. பயன்படாது கிடக்கும் பண்டகசாலை ஒன்று போதும். பாய் நெய்யும் பெண்ணும், எழுத்தணி வரையும் இளைஞனும், மரம் செதுக்கும் ஆசாரியும், வண்ணம் தீட்டும் பள்ளி ஆசிரியரும் ஒரே சந்தாவுக்கு உறுப்பினராகட்டும். ஆண்டுக்கொரு கண்காட்சி நடக்கட்டும். நடுவருள் ஒருவர் வெளியூர்க் கலைஞராகவும், ஒருவர் கைவினை முதியவராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். தள்ளிய படைப்புக்குக் காரணத்தை எழுதித் தரும் வழக்கத்தையும் ஏற்படுத்தட்டும். காரணம் அறிந்தவன் மறு ஆண்டு திருத்திக் கொணர்வான், அறியாதவன் மனமுடைந்து ஒதுங்குவான். செல்வர்கள் பொருள் தரட்டும். தீர்ப்பை மட்டும் கலைஞர்களுக்கே விட்டுவிடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு படைப்பின் கீழும் படைத்தவரின் பெயர் தெளிவாக எழுதப்படட்டும்.

சீதக்காதியின் கொடையை நாம் போற்றுவது உமறுவின் பெயர் நிலைத்தமையால். பத்தமடையின் ஒரு தறிக்காரப் பெண்ணின் பெயரையும் நம் பேரப்பிள்ளைகள் அவ்வாறே படித்தறிய வேண்டுமாயின், அப்பெயரை எழுதுவதற்குரிய சுவரை நாம்தாம் எழுப்பித் தரவேண்டும். மெழுகும் சாயமும் விற்றுப் பத்து ஏக்கர் வாங்கியவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள்.